கடைசிக் காம்பராவில் கேட்ட அழுகை

இது நடந்தது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். பேய் என்றால் நானும் சிரித்த ஆள்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் அன்று இருட்டே இல்லை. 1999 நவம்பர், ஒரு புதன்கிழமை, பகல் மூன்று மணி.

கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு நாங்கள் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறை. கேட்டவுடன் கொடுத்தார்கள். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. என் மனைவி சுதர்ஷினி பிள்ளை பெற்று எட்டாம் நாள். பச்சை உடம்புக்காரிக்குக் குளிர்காற்று ஆகாது என்பது எங்கள் ஆட்களின் சட்டம். அதனால் ஜன்னலை அடைத்தேன். கதவுக்குக் கீழே சாக்கைத் திணித்தேன். கட்டிலுக்கு அடியில் சிரட்டைத் தணல் சட்டியை வைத்தேன். எல்லாம் என் கையால்தான். எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

காலையில் ரப்பர் பால் வெட்டப் போய் வந்த களைப்பு. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நானும் கீழே பாய் விரித்துப் படுத்தேன்.

மூன்று மணி ஐந்து நிமிடம். குழந்தை அழுகிற சத்தம்... கண் விழித்தேன்.

"சுதா, புள்ளைக்குப் பால் குடு."

பதில் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். மகள் அவள் பக்கத்தில் படுத்திருந்தாள். வாய் மூடியிருந்தது. அழுகை மட்டும் நிற்கவில்லை. அது வெளியே இருந்து வந்தது.

பக்கத்துக் காம்பராவில் வெள்ளையம்மா அக்கா தனியாக இருக்கிறார். எங்கள் லயத்தில் வேறு கைக்குழந்தையே கிடையாது.

மூன்று பத்து. அழுகை வாசலுக்கு வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக... பிறந்து சில நாளான குழந்தையின் குரல். நடக்காது, தவழாது. எப்படி வந்தது?

சுதர்ஷினியை உலுக்கினேன். அவள் கண் திறக்கவில்லை.

மகளைத் தொட்டேன். துணி மாதிரித் துவண்டாள்.

எழுந்தேன். கால் நிற்கவில்லை. தலை வெடித்தது. விழுந்தேன்.

தவழ்ந்தேன்... அழுகை... சாக்கு... தாழ்ப்பாள்...

கதவு திறந்தது.

யாரும் இல்லை.

அழுகை நின்றது.

குளிர்காற்று முகத்தில் அடித்தது. கொஞ்சம் தெம்பு வந்தது. இரண்டு பேரையும் எப்படியோ வெளியே இழுத்துப் போட்டேன். நிமிடங்கள் போயின. அப்புறம்தான் என் மகள் அழுதாள். நானும் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் திட்டித் தீர்த்தார். அடைத்த அறையில் தணல் வைத்தால் விஷக்காற்று வருமாம். கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது. இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் மூன்று பேரும் இல்லை என்றார். விஷம் ஏறிய தலைக்குள் கேட்ட சத்தம்தான் அது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வெள்ளையம்மா அக்கா பார்க்க வந்தார். ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை.

"இதே காம்பராலதான் தம்பி, ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு தாயும் புள்ளையும் செத்தாங்க. இதே மாதிரித் தணல் சட்டிதான். காத்துக் கருப்பு அடிச்சிருச்சின்னு எல்லாரும் சொன்னாங்க."

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் புள்ள ரொம்ப நேரம் அழுதுச்சு. எனக்குக் கேட்டுச்சு. மழையில யாரு போறதுன்னு படுத்துட்டேன்..."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புதன்கிழமையும் கேட்டுச்சு தம்பி. மழ பேஞ்சா எப்பவும் கேக்கும். அதுதானேன்னு காதப் பொத்திக்கிட்டேன்."