படியில் நின்றால் விசில் இல்லை

ஆயுசில் பாதியைப் பஸ் நடத்துனராகவே கழித்து ஓய்வு பெற்றவர் விசிலம்மா. அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. படியில் ஒருத்தர் தொங்கினாலும் விசில் ஊதமாட்டார். டிரைவர் திட்டட்டும், பயணிகள் கத்தட்டும், வண்டி நகராது. ஒருமுறை, படியில் தொங்கினார் என்று கட்டின புருஷனையே நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போனார். பாவம் மனுஷன், வீட்டுக்கு நடந்தே வந்தார்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் நகராட்சித் தேர்வுக் குழுவில், பொதுமக்கள் சார்பில், குலுக்கல் கொண்டுபோய் உட்கார வைத்தது. ஆணையர், பொறியாளர் என்று இரண்டு பெரிய பதவிகளுக்கு அன்று நேர்காணல். பொறியாளர் பதவிக்கு வந்தவர்களில் அவருடைய தம்பியும் ஒருவன். அப்பா போனபின் அவனைப் படிக்க வைத்ததே விசிலம்மாதான்.

உட்காரும்போதே சொல்லிவிட்டார்: "பொறியாளர் விஷயம் வந்தா நான் வெளிய போயிடுவேன். சொந்தக்காரங்க உள்ள இருக்கக் கூடாதுன்னு உங்க விதியே சொல்லுது."

நகராட்சித் தலைவர் பெரிதாகத் தலையாட்டினார். டீ வந்ததும் விசிலம்மாவை ஜன்னலோரம் கூப்பிட்டார்.

"எதுக்கும்மா வெளிய போறீங்க? பேசாம இருங்க. ஆணையர் வேலைக்கு என் மச்சான் வந்திருக்கான். அதை நீங்க கண்டுக்காதீங்க, உங்க தம்பியை நான் பாத்துக்கறேன்."

விசிலம்மாவுக்குத் தம்பி முகம் நினைவுக்கு வந்தது. தம்பி கெட்டிக்காரன். இந்த வேலைக்காக எத்தனை வருஷம் ஏங்கினான்! பேசாமல் இருந்தால் போதும். சேச்சே, என்ன நினைப்பு இது! அடுத்த கணம் ஆத்திரம் பொங்கியது. என் தம்பியைக் காட்டியா என் வாயை அடைக்கப் பார்க்கிறான் இந்த ஆள்?

விறுவிறுவென்று போய்க் கதவை அகலத் திறந்தார். வராந்தாவில் காத்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்ட தொண்டை அது.

"தலைவரோட மச்சான் ஆணையர் வேலைக்கு வந்திருக்கார். என் தம்பி பொறியாளர் வேலைக்கு வந்திருக்கான். ரெண்டையும் பேசி முடிச்சுக்கலாமாம்! நான் எறங்கறேன். தலைவரே, நீங்களும் எறங்குங்க."

"யார்கிட்ட பேசறீங்கன்னு தெரியுதா?" தலைவர் சீறினார்.

"நல்லாத் தெரியுது. படியில தொங்கறவர்கிட்ட."

வராந்தாவில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். நேர்காணலுக்கு வந்திருந்த ஒரு பெண், "தலைவர் உள்ள இருந்தா நாங்க யாரும் வரமாட்டோம்" என்றாள். மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். குழுவிலிருந்த வெளியூர் அதிகாரி பேனாவை மூடிவைத்தார். "வெளிய போங்க சார். இல்லன்னா இந்த நேர்காணலே செல்லாது."

தலைவர் முகம் சிவக்க வெளியே வந்தார், பின்னாலேயே விசிலம்மாவும். காத்திருந்த மாற்று உறுப்பினர்கள் இருவர் உள்ளே போனார்கள்.

சாயங்காலம் முடிவு வந்தது. மச்சானுக்குக் கிடைக்கவில்லை. தம்பிக்கும் கிடைக்கவில்லை; பொறியாளர் பதவி அந்தப் பெண்ணுக்குப் போனது.

தம்பி கண் கலங்க அக்காவிடம் வந்தான். "நீ வாயைத் தொறக்காம இருந்திருந்தா எனக்குக் கெடச்சிருக்கும்கா."

"கெடச்சிருக்கும்டா. அப்புறம் அந்த மச்சான் ஆணையரா உக்காந்து நீட்டின இடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்ப."

அவன் தலை குனிந்தான். ஆனாலும் அக்கா விடவில்லை.

"பக்கத்து ஊர்லயும் பொறியாளர் எடுக்கறாங்களாம். நாளைக்கே மனு போடு. அங்க நமக்கு ஒருத்தரையும் தெரியாது."