குண்டு சுற்றிய தண்ணீர்

தில்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் மகனோடு இருந்த எங்கள் மாடி வீட்டுக்காரர், ஏதோ அமைச்சகத்தில் முப்பது வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு தண்ணீருக்குக் குறிப்பெழுத ஆரம்பித்தார். கருவி ஒரு பித்தளைக் குண்டும் ஒரு முழ நூலும். கொத்தனார் சுவர் கோணலா என்று பார்ப்பாரே, அதன் குட்டி. குடத்தின் மேல் பிடிப்பார். வலப்பக்கமாகச் சுற்றினால் நல்ல தண்ணீர், இடப்பக்கமென்றால் விஷம். சும்மா தொங்கினால் செத்த தண்ணீர்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஜனவரியிலிருந்தே அவளுக்கு வயிறு சரியில்லை. டாக்டர் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். மாடி வீட்டுக்காரர் எங்கள் குடத்தைப் பார்க்க வந்தார். குண்டு அசையவில்லை.

"காய்ச்சினேளா? பொணம் மாமி இது. பொணத்தைக் குழந்தைக்குக் குடுப்பாளோ?"

மனைவி அன்றே காய்ச்சுவதை நிறுத்தினாள். டாக்டர் அறுபது ரூபாய் வாங்கியவர். இவர் காப்பி மட்டுமே குடித்தவர். யாரை நம்புவாள்?

நானோ நாலு புத்தகம் படித்தவன். விடுவேனா? ஒரே குடத்திலிருந்து மூன்று டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். முதலாவது நல்லது, இரண்டாவது விஷம், மூன்றாவது 'பரவாயில்லை' என்று தீர்ப்பு வந்தது. மூன்றும் ஒரே தண்ணீர் என்று வெற்றிக் களிப்போடு அறிவித்தேன்.

"சந்தேகப் பேர்வழி பக்கத்துல நின்னா குண்டு குழம்பத்தான் செய்யும் சார்."

மனைவி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

"அப்பா, பேகார் கி பஹஸ், வெட்டி வாதம். எனக்கு வயிறு வலிக்கறது," என்றாள் பெண்.

வாதத்தில் தோற்றவனுக்குத் திருட்டுத்தனம்தானே மிச்சம்? ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைப்பது என் வேலை. மனைவி எழுந்திருப்பது ஆறரைக்கு. அதற்குள் காய்ச்சி, பாத்திரத்தைப் பால்கனிக் குளிரில் ஆறவைத்து, குடத்தில் ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் பேப்பர் படித்தேன். இதற்குள் மனைவியும் குண்டு பிடிக்கக் கற்றிருந்தாள். அவள் கையில் அது செக்கு மாடு போல வலமாகவே சுற்றியது.

"இன்னிக்குத் தண்ணி சூப்பர்!"

பத்து நாளில் பெண்ணுக்கு வயிறு சரியாயிற்று. பரீட்சை எழுதினாள். புகழ் முழுவதும் குண்டுக்குப் போயிற்று. நானும் வாயைத் திறக்கவில்லை; வீட்டில் அமைதி நிலவியது, அதில் எனக்கும் ஒரு பங்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குப் பெருந்தன்மை எளிதாக வரும்.

பிறகு கீழ் வீட்டுப் பெண் குழாய்த் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டு வந்தாள்.

"அக்கா, எங்க பயலுக்கு நாலு நாளா வயித்தால போவுது. இதக் கொஞ்சம் பாருங்களேன்."

குண்டு வலமாகச் சுற்றியது. "அருமையான தண்ணி. காய்ச்சவே வேண்டாம். எங்காத்துல காய்ச்சறதே இல்லையே!"

இனி எப்படிச் சும்மா இருப்பது? "காய்ச்சறோம்," என்றேன். "தினம் காலையில நான்தான் காய்ச்சறேன்."

மனைவி நூலை மடியில் வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"பாத்தேளா? அதான் தினமும் நல்ல தண்ணின்னு கரெக்டா காட்டியிருக்கு!"

கீழ் வீட்டுப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் அவள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது.