மாமா காப்பாற்றிய சத்தியம்

பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டோடு இருந்த தாய்மாமா ஒரு முதலாளி. எங்கள் கராஜில் தொடங்கி மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்துகொண்டிருந்தார். இன்றைக்குப் பெரிய கிடங்கே இருக்கிறது, அது வேறு கதை. ஆனால் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சீருடை மாட்டிக்கொண்டு நேவி ரிசர்வ் என்ற பகுதிநேரக் கடற்படைப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தச் சீருடை அம்மாவுக்கு ஆகவே ஆகாது. எப்போது வேண்டுமானாலும் கப்பலுக்குக் கூப்பிடுவார்கள் என்றால் எவன் பெண் கொடுப்பான்? அதனால் பார்சிப்பனியிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள் என்றதும், தம்பியின் கையைத் தன் தலையில் வைத்து, நேவியைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மீறினால் அக்கா உயிருக்கு ஆகாது. இரண்டு பேரும் நன்றாகப் படித்தவர்கள்தான், இருந்தாலும் பயம் பயம்தானே.

அன்று காலை அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருக்க, மாமா எட்டு வயதான என்னை மாடிக்குக் கூப்பிட்டார். சலவையிலிருந்து வந்த சீருடையைக் கொடுத்து, வாசலில் கோட்டு மாட்டும் இடத்தில் தொங்கவிடச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

வந்தவர்கள் கோட்டைக் கழற்றி மாட்டப் போனார்கள். பெண்ணின் அப்பா சீருடையின் மார்பில் தைத்திருந்த பெயரைப் படித்துவிட்டு, "கூப்பிட்டா போகணுமா, தம்பி?" என்றார். மாமா தலையாட்டினார். எவ்வளவு நாள் என்றதற்கு ஒரு விரலை நீட்டினார். வருஷமா? அதற்கும் தலையாட்டல்தான். அந்தப் பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மாமாவும் சிரித்துவிட்டார். ஆனால் போன் பண்ணுகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்கள் எங்கே போன் பண்ணியிருக்கிறார்கள்!

அவர்கள் கார் கிளம்பியதும் அம்மா என் காதைத் திருகினாள். நான் மாமாவைக் கைகாட்டினேன்.

"நான் வாயே திறக்கலையேக்கா" என்றார் அவர். அம்மா திட்ட ஆரம்பித்து, முடியாமல் அழுதாள்.

குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கிறேன் என்று மாமா வெளியே போனார். வெகு நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால், தொட்டியைப் பிடித்தபடி கார் போன தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களை விரட்டத்தான் அந்தச் சீருடை என்று நினைத்திருந்த நான், எங்கள் திட்டம் பலித்துவிட்ட குஷியில் ஹை-ஃபைவ் கேட்டேன். கொடுத்தார். அந்தப் பெண்ணை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?