குணேஸ்வரி செய்த இராவணன்

குணேஸ்வரிக்குக் கோபம் வந்தால் அந்த ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். கோபம் வரக் காரணமா இல்லை? இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, திருகோணமலை. விடிந்தால் சோதனை, பொழுதுபட்டால் ஊரடங்கு, நடுவில் நினைத்த நேரம் கறன்ற் போகும். லிங்கநகரில் தன் வீட்டு முன்னறையில் நாலு பழைய கம்பியூட்டர்களை வைத்துக்கொண்டு அவள் வகுப்பு நடத்தினாள். நாலில் ஒன்று எப்போதும் படுத்துவிடும். இன்றைக்கு எது படுப்பது என்று அதுகள் தங்களுக்குள் முறை வைத்திருக்கின்றன என்றே அவள் நம்பினாள்.

வயது முப்பத்தைந்து. கலியாணம் கட்டவில்லை. அதைப்பற்றி வாயைத் திறந்தவர்கள் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டுதான் போவார்கள். வீட்டில் அவளும் அம்மா நல்லம்மாவும்தான். அண்ணன் இரத்தினசிங்கம் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் கிளார்க். குடும்பத்தோடு அங்கேயே இருந்தான். போன வருசம் சித்திரையில் அம்மா, சம்பூரில் இருக்கும் தன் தங்கச்சிக்குச் சுகமில்லை என்று குடாவுக்கு அந்தப் பக்கம் போனார். "ரெண்டு நாளில வந்திடுவன், குசினி யன்னலைப் பூட்டிப்போடு" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அதோடு சண்டை தொடங்கியது. சம்பூர்ச் சனம் வெருகலுக்கும் வாகரைக்கும் ஓடியது, அம்மாவும் அதற்குள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அம்மா திரும்பி வருவா என்பதில் மட்டும் குணேஸ்வரிக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அம்மாவின் கட்டிலில் வேறு யாரையும் இருக்கவும் விடமாட்டாள்.

அந்த வகுப்புக்குப் படிக்க வருகிற பெடியள் படிப்பார்களா? அவள் தேத்தண்ணி வைக்க உள்ளே போனால் போதும், எங்கிருந்தோ கொண்டுவந்த சுடுகிற விளையாட்டை ஏற்றிவிடுவார்கள். ஒருநாள் சத்தத்தைக் கூட்டி வைத்துப் 'படபட' என்று சுட்டார்கள். வாசலில் போய்க்கொண்டிருந்த மீன்காரர் சைக்கிளோடு தெருவோரக் காணுக்குள் விழுந்து தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். சூடை மீன் ஒழுங்கை முழுக்கச் சிதறிக் கிடந்தது. சந்தியில் நின்ற ஆமிக்காரர் ஓடிவந்தார்கள். எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, அடையாள அட்டை பார்த்து, கம்பியூட்டருக்குள் சுட்டதுதான் என்று நம்பவைக்கப் பட்ட பாடு அந்தக் கோணேசருக்குத்தான் வெளிச்சம்.

அவர்கள் போனதும் குணேஸ்வரி பிளக்கைப் பிடுங்கினாள்.

"இனி இந்த வீட்டுக்குள்ள வெடிச் சத்தம் கேக்கப்படாது! வெளியில கேக்கிறது காணாதே உங்களுக்கு?"

"அப்ப என்னத்தை மிஸ் விளையாடுறது?" என்றான் ஒருவன்.

"நான் செய்து தாறன்!"

கோபத்தில் சொன்னதுதான். சொன்ன வாயைப் பிறகு எத்தனை முறை நொந்துகொண்டாளோ தெரியாது.

யாரோ ஒரு வெள்ளைக்காரன் விளையாட்டுச் செய்வதற்கென்று இலவசமாக விட்டிருந்த மென்பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. படம் கீற ரபீக்கா இருந்தாள். கிண்ணியாவிலிருந்து தினமும் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித் துறையைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து, சோதனைக்கு இறங்கி ஏறி, வகுப்பில் உதவிக்கு வருகிறவள். ஆள் சின்னதென்றாலும் வாய் பெரிது.

கதைக்குப் பஞ்சமில்லை. திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இராவணன் தன் தாய் கும்பிடுவதற்காகக் கோணேசர் மலையையே பெயர்க்கப் போனான். அவன் வாளால் வெட்டிய பிளவு இன்றைக்கும் மலையில் இருக்கிறது. அதைத் தடுக்கத் திருமால் கிழப் பிராமணராக வந்து, "உன் தாய் இறந்துவிட்டாள்" என்றார். இராவணன் மலையை விட்டுவிட்டுக் கன்னியாவுக்கு ஓடி, ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தினான். ஏழு வெந்நீர்க் கிணறுகள் பொங்கின. அந்தத் தண்ணீரில் தாய்க்குக் கருமம் செய்தான். அதனால்தான் திருகோணமலைச் சனம் இன்றைக்கும் செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யக் கன்னியாவுக்குப் போகிறது. ஓட்டம், பாய்ச்சல், வாள், மலை, வெந்நீர். விளையாட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் பத்துத் தலை! அதுதான் பெரிய கோதாரியாகப் போனது. பத்துத் தலையோடு இராவணன் ஒரு காலை எடுத்து வைத்தால் கம்பியூட்டர் அப்படியே உறைந்துவிடும். ஐந்தாகக் குறைத்தாள், ஊர்ந்தது. மூன்று, நொண்டியது. கடைசியில் ஒற்றைத் தலையோடுதான் ஓடினான்.

"ஒத்தத் தலை ராவணன் எங்கட மூத்த நானா மாதிரி இரிக்கார்," என்றாள் ரபீக்கா. "ஒரு தொப்பியும் போட்டுடவா?"

"போடு, போட்டுட்டு நீயே அந்தப் பெடியளுக்குப் பதில் சொல்லு!"

அடுத்த தலையிடி கரை. குணேஸ்வரி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மலை, கோட்டைக்குப் போகும் வழி, துறைமுகம், குடா, அக்கரையில் மூதூர், சம்பூர் என்று எல்லாவற்றையும் ரபீக்காவைக் கொண்டு உள்ளது உள்ளபடி கீறுவித்தாள். இராவணன் தண்ணீரைத் தாண்டி எங்கும் போகலாம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடற்படைத் தளம் இருக்கிற துறைமுகத்தை, அதுவும் அந்தக் காலத்தில், ஒரு தமிழ்ப் பெட்டை கம்பியூட்டரில் அச்சொட்டாகக் கீறி வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாளா? யோசிக்கவில்லை. அவளுக்கு அது இராவணன் ஓடுகிற இடம், அவ்வளவுதான்.

வீடுவீடாகச் சோதிக்க வந்தவர்களில் ஒரு அதிகாரி திரையைப் பார்த்ததும் முகம் மாறினான். ரபீக்காதான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினாள். இராவணன் என்றதும் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆ, ராவணா!" என்று வாளை வீசிப் பார்த்தான், இரண்டு முறை பாய்ந்தும் பார்த்தான். பிறகு சிரிப்பை நிறுத்தித் திரையில் விரலை வைத்தான். துறைமுகம் வேண்டாம், குடா வேண்டாம், அந்தப் பக்கம் ஒன்றும் வேண்டாம், அழி. அவள் அழித்து முடிக்குமட்டும் பக்கத்திலேயே நின்றான். மூதூரும் சம்பூரும் போய், மலையடியோடு ஒரு வெறும் நீலக் கோட்டில் உலகம் முடிந்தது. அவர்கள் போனபிறகு குணேஸ்வரி கதிரையை உதைத்துக் கால்விரலை நோகடித்துக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் அண்ணன் வந்தான். வந்தவன் கதிரையில் இருக்கவில்லை.

"கந்தோருக்கு ஒரு மனிசன் வந்தவர்," என்றான். "மட்டக்களப்பு அகதி முகாமில இருந்து. அம்மாவை வாகரைக்குக் கிட்டக் கதிரவெளியில கண்டவராம். ஷெல் விழேக்க... அம்மா அதிலயே செத்துப்போனாவாம்."

குணேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஆர் அந்த மனிசன்?"

"தெரியாது."

"பேர்?"

"கேக்கேல்லை."

"பேர் கேக்கேல்லையோ! அம்மா செத்துப்போனா எண்டு ஒருத்தன் வந்து சொல்லுறான், நீங்கள் பேரைக்கூடக் கேக்காமல் அனுப்பியிருக்கிறியள்? சந்தையில மரக்கறி வாங்கிறதெண்டாலும் நாலு கேள்வி கேப்பியளே அண்ணா!"

அவன் அதற்குள் எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டிருந்தான். ஐயரிடம் கேட்டுவிட்டானாம். உடல் இல்லாதபடியால் தர்ப்பையில் உருவம் செய்து, வருகிற அமாவாசையில் கன்னியாவில் காரியத்தை முடித்துவிடலாமாம்.

"நான் விடமாட்டன்."

"அது மகன் செய்யிற காரியம். உன்னட்டைக் கேட்டுச் செய்யிறதில்லை," என்றுவிட்டு அண்ணன் போய்விட்டான்.

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. பெற்றவள் இருவருக்கும் ஒருத்தி, கூட இருந்து பார்த்தவள் அவள், ஆனால் அம்மாவைச் செத்தவள் என்று எழுதி முடிக்கிற உரிமை மட்டும் அவனுக்கு! இது எந்த ஊர் ஞாயம்? அதற்குப் பிறகு அவள் அண்ணனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ரெலிபோன் அடித்தால் எடுக்கவில்லை. அண்ணனின் மனதை மாற்றும் வழி தெரியாமல் பெடியள்மேல் எரிந்து விழுந்தாள்.

விளையாட்டின் கடைசிக் கட்டத்தைச் செய்துகொண்டிருந்தபோது ரபீக்கா கீறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஒண்டு கேக்கன், கோவிக்காத. அந்தக் கிழவன் செல்லித்தானே ராவணன் கருமம் செஞ்ச? அப்ப அவர்ர உம்மா மெய்யாவே மவுத்தாகிட்டாவா?"

குணேஸ்வரி செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு யோசித்தாள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். சிலர் உண்மையாகவே இறந்துவிட்டாள் என்பார்கள். மலையைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று சிலர் சொல்வார்கள். இராவணனாவது அந்தக் கிழவரிடம் ஒரு வார்த்தை கேட்டானா? நீர் ஆர், எங்கே கண்டீர், எப்போது? ஒன்றும் கேட்கவில்லை. அவனும் இவளுடைய அண்ணன் மாதிரித்தான்!

அன்றைக்கே அவள் கதையை மாற்றினாள். கிழவர் வந்து செய்தி சொன்னதும் திரையில் இரண்டு சொல் வரும்: நம்பு, நம்பாதே. நம்பினால் ஏழு கிணறும் கருமமும். நம்பாவிட்டால் கிழவர் மறைந்துவிடுவார், இராவணன் தன்பாட்டில் போகலாம்.

பெடியள் ஒருவர் மிச்சமில்லாமல் 'நம்பாதே' என்பதைத்தான் அமர்த்தினார்கள். தாய் உயிரோடு வீட்டில் சோறு காய்ச்சிக்கொண்டிருக்க, விளையாட்டுக்கென்றாலும் தாய்க்குக் கருமம் செய்ய எந்தப் பிள்ளைக்குக் கை வரும்? ரபீக்கா கிழமைக்கணக்காக இருந்து கீறிய ஏழு கிணற்றையும் பார்க்க ஒரு நாதி இல்லை. நம்பாமல் போன இராவணனோ கரையில் மேலும் கீழும் அலைந்தான்.

"இதுக்குப் பிறகு என்ன மிஸ்?"

"பொறுங்கோ, செய்யிறன்," என்றாள். என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. தாயைக் கண்டுபிடிக்கிற மாதிரிச் செய்யலாம். செய்யத் தொடங்கினால் அந்தத் தாய்க்கு முகம் வைக்க வேண்டும். அந்த இடத்தில் கை நின்றுவிடும். திரும்பத் திரும்ப முயன்று, திரும்பத் திரும்ப அழித்தாள்.

அமாவாசைக்கு முதல்நாள் பின்னேரம் அண்ணன் வந்தான். வகுப்பு முடிந்து பெடியள் போய்விட்டார்கள்.

"கன்னியாவுக்குப் போக நாளைக்கு வெள்ளன வான் வரும். நீ வராட்டில் சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைக்கட்டும். முதல்ல நீங்கள் இதில இருங்கோ."

"எனக்கு உந்தக் கண்டறியாத விளையாட்டுக்கு நேரமில்லை."

"இருங்கோ எண்டால் இருங்கோ!"

தங்கச்சியின் சத்தத்துக்குப் பயந்தே அவன் இருந்தான். கம்பியூட்டர் தெரியாத ஆள். அவள்தான் இராவணனை மலைவரை கொண்டுபோய்க் கொடுத்தாள். கிழவர் வந்தார், செய்தியைச் சொன்னார், இரண்டு சொல்லும் வந்தன. இப்போது ஆள் முழிக்கட்டும், அப்போதாவது தான் செய்த பிழை விளங்கும் என்று அவள் பின்னால் நின்று பார்த்தாள்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. 'நம்பாதே' என்பதை அமர்த்தினான்.

கிழவர் மறைந்தார். அண்ணன் இராவணனைத் திருப்பிக் கரைக்கு ஓட்டினான். நீலக் கோட்டில் இராவணன் முட்டி, நின்ற இடத்திலேயே காலை அடித்துக்கொண்டிருந்தான்.

"இவன் ஏன் அங்கால போறானில்லை?"

"அங்கால ஒண்டும் இல்லை அண்ணா. அழிச்சாச்சு."

"சம்பூர்ப் பக்கம் போகவேணும்."

"சம்பூர் இல்லை அண்ணா."

அவன் கேட்கவில்லை. அந்த ஒரே பட்டனைத் திரும்பத் திரும்பக் குத்தினான். பிறகு விரலை எடுக்காமலே, திரையைப் பார்த்தபடி கதைத்தான்.

"கிளிவெட்டி முகாமுக்கு எத்தினை தரம் போனனான் தெரியுமே? பஸ்ஸில வந்து இறங்கிற சனத்துக்குள்ள ஒவ்வொரு முகமாப் பாத்தனான். உனக்குச் சொல்லேல்லை. மட்டக்களப்புக்கும் போனனான். கந்தோரில லீவு முடிஞ்சு போச்சு."

"அப்ப அந்த மனிசன்ர பேரை ஏன்..."

"கேட்டால் அவனைத் தேடிப் போவன். தேடிப் போய்த் திருப்பிக் கேப்பன். அவன் திருப்பியும் ஓம் எண்டு சொல்லிப்போட்டானெண்டால்? அதுதான் கேக்கேல்லை." அவன் அந்தப் பட்டனை இன்னொருமுறை குத்தினான். "எனக்கு இனி ஏலாது பிள்ளை. ஒவ்வொரு பஸ்ஸாப் பாக்க ஏலாது. ஒரு இடத்தில நிப்பாட்டவேணும்."

குணேஸ்வரி கதிரைக்குக் கிட்ட வந்தாள். இத்தனை நாளும் அம்மாவைத் தேடாமல் விட்டவன் என்று அவனை மனதுக்குள் திட்டித் தீர்த்தாளே. அவள் வீட்டில் இருந்துகொண்டு நம்பினாள். அவன் வெயிலில் நின்று தேடினான். நரைத்த தலையோடு நாற்பது வயதுக்காரன் ஒருவன் இல்லாத சம்பூருக்குப் போக ஒரு பட்டனைக் குத்திக்கொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்குத் தாங்கமுடியவில்லை.

அண்ணனின் கையை மெல்ல எடுத்துவிட்டு, அவள் இராவணனைத் திருப்பி மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். கிழவர் மறுபடியும் வந்தார். இரண்டு சொல்லும் மறுபடியும் வந்தன. அவள் 'நம்பு' என்பதை அமர்த்தினாள்.

இராவணன் கன்னியாவுக்கு ஓடி ஏழு முறை நிலத்தைக் குத்தினான். தண்ணீர் ஆவியோடு பொங்கியது. அண்ணன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அதைக் கடைசிவரை பார்த்தான்.

"எனக்கு இப்பவும் நம்பிக்கை இல்லை அண்ணா," என்றாள் குணேஸ்வரி. "அம்மா எங்கயோ இருக்கிறா எண்டுதான் மனம் சொல்லுது. ஆனா நீங்கள் இனித் தனியப் போகவேண்டாம். நாளைக்கு நானும் வாறன்."