மூணாவது இறகு

புன்னைக்காயல் ஞானப்பிரகாசம் அண்ணாச்சி ஃபைபர் வள்ளம் செய்யுத மனுசன். செஞ்சு முடிச்ச வள்ளத்தை விரல் முட்டியால தட்டிக்கிட்டே வருவாரு. உள்ள பொள்ளலா இருந்தா ஓசை மாறும். அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துட்டு, கண்ணாடி நாரும் பிசினும் வச்சு ரெண்டு அடுக்கு கூடுதலாப் போட்டுருவாரு. அவரு கைபட்ட வள்ளம் ஒண்ணுகூடக் கடல்ல பிளந்ததில்லை.

அவரைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தது காத்தாடி. தொண்ணூத்தி நாலுல கயத்தாறு பொட்டல் பூராவும் கரண்டு காத்தாடியா முளைக்குது, இறகு மட்டும் கப்பல்ல வருது. இறகையும் இங்கனயே செஞ்சா சர்க்கார் சலுகை தரும்னு பேச்சு அடிபட்டதும், எங்க முதலாளி மகேஸ்வரன் ஷெட்டைப் போட்டுட்டாரு. நம்ம பக்கம் கண்ணாடி நார் வேலை தெரிஞ்சவன் யாரு? வள்ளக்காரன்தான். அண்ணாச்சியோட மருமகன் ரெக்சனும் வந்தான். கோபுரத்துல ஏறி போல்ட் முடுக்குத வேலை அவனுக்கு. எனக்கு எடை போட்டு எழுதுத வேலை. பேரு குமரகுருபரன். குலப்பெருமைக்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

ஒரு காத்தாடிக்கு மூணு இறகு. மூணும் ஒரே எடையா இருக்கணும். இல்லேன்னா சுத்துதப்ப உதறும், உதறினா போல்ட் தளரும், தளர்ந்தா இறகு பிச்சுக்கிட்டு விழும். வள்ளத்துக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது பாத்துக்கிடுங்க. தொண்ணூத்தஞ்சு மார்ச்சுல மூணாவது இறகை அண்ணாச்சி தட்டினாரு. அடிப்பக்கம் பொள்ளல். பழக்கதோசம், சுரண்டிட்டு நாலு அடுக்கு போட்டுட்டாரு. நிறுத்துப் பாத்தேன். மத்த ரெண்டையும்விடப் பதினொரு கிலோ கூட.

மத்த ரெண்டுலயும் எடை ஏத்திச் சரிக்கட்ட ஒரு வாரம் வேணும். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள ஓடினாத்தான் வாங்கினவருக்கு அந்த வருச வரி கழியும். கையில இருந்தது மூணே நாள். முதலாளி கூப்பிட்டு, மூணுக்கும் ஒரே எடையை எழுதச் சொன்னாரு. எழுதினேன். சாயங்காலம் அண்ணாச்சி வந்து மூணும் ஒத்து இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன். தவளை தன் வாயால கெடும்பாங்க, நான் வாயை வச்சிக்கிட்டும் உண்மையைச் சொல்லாமக் கெட்டவன்.

வைகாசி பொறந்ததும் காத்து ஆரம்பிச்சுது. அந்தக் காத்தாடியில மட்டும் வாரத்துக்கு ஒருதடவை போல்ட் தளருது, வாரத்துக்கு ஒருதடவை ரெக்சன் ஏறுதான். ஆனி மாசம் ஒருநாள் மனசு கேக்காம பஸ் ஏறிக் கயத்தாறுக்குப் போனேன். அண்ணாச்சி எனக்கு முன்னாலயே வந்து கோபுரத்துக் காலைத் தொட்டுக்கிட்டு நிக்காரு. அது ஓடுதப்ப உதறினதைக் கையிலயே பாத்துட்டாரு. அப்பதான் ரெக்சன் அதை நிறுத்திட்டுப் பாதி ஏணி ஏறியிருந்தான்.

"உண்மையைச் சொல்லு தம்பி. எம்புட்டு கூட?"

"பதினொரு கிலோ அண்ணாச்சி."

நாலு அறை அறைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ரெக்சனைக் கூவினாரு, காத்துல கேக்கலை. தோள் துண்டை உருவி ரெண்டு கையாலயும் தலைக்கு மேல வீசினாரு. அவுங்க கரையில அப்படி வீசினா, போட்ட வலையையும் விட்டுட்டு உடனே கரைக்கு வந்துரணும். ரெக்சன் கீழ பாத்தான். ஏன் எதுக்குன்னு கேக்காம இறங்கிட்டான். ரெண்டு பேரும் அன்னைக்கே வேலையை விட்டாங்க.

"வேற ஆளை ஏத்த விடாதே, முதலாளிகிட்டச் சொல்லிரு"ன்னு மட்டும் போகும்போது சொன்னாரு.

சொன்னேன். முதலாளி எடைப் புத்தகத்தை என் பக்கமாத் திருப்பி வச்சு, இது யாரு கையெழுத்துன்னு கேட்டாரு. புத்தகத்தை மூடி வச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

மறுநாள் விக்கிரமசிங்கபுரத்து வைத்தியலிங்கத்தை ஏறச் சொல்லியாச்சு. இருபத்தேழு வயசு. அவன் ஆத்தா சுடலைவடிவு இருக்குத தெரு வழியா இப்பமும் நான் போறதில்லை. முதலாளி என்னையும் கூட அனுப்பியிருந்தாரு, கோபுரத்தடியில சாமான் பையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"எல்லாம் சரியா இருக்கில்லா அண்ணாச்சி?"ன்னு கேட்டான்.

"பைய ஏறுலே"ன்னேன்.

பாதி ஏணி ஏறினப்ப வேலிக்கு வெளிய ஒரு ஆளு. ஞானப்பிரகாசம் அண்ணாச்சி. உள்ள விட மாட்டேன்னு வாட்ச்மேன் மறிக்கான். அவரு துண்டை உருவித் தலைக்கு மேல வீசுதாரு, வீசுதாரு, நிறுத்தவே இல்லை. எனக்குத் தெரியும் அது என்னன்னு. வைத்தியலிங்கம் மலையடிவாரத்துப் பிள்ளை. யாரோ பெரியவரு உற்சாகப்படுத்துதாருன்னு நெனைச்சு, சிரிச்சுக்கிட்டே அவனும் கையை ஆட்டிட்டு மேல ஏறினான்.