இருநூற்றுப் பதின்மூன்றாவது வரி

கொட்டாஞ்சேனை யோகநாதன் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர். கடதாசியில் நானூறு என்றிருந்தாலும், தொட்டு எண்ணாமல் கையெழுத்து வைக்கமாட்டார். அப்படிப்பட்ட மனிதரை, ஓய்வுபெற்ற பின், வெள்ளவத்தையிலுள்ள எங்கள் சின்ன அலுவலகத்தில் கணினிமுன் உட்காரவைத்தோம். அரசாங்கம் இணையத்தில் போடும் தரவுகள் சனங்களுக்கு உதவுமா என்று பார்த்துப் புள்ளி போடுவதுதான் எங்கள் வேலை.

புள்ளிப் படிவத்தைத் தயாரித்தவள் நான். இருபது கேள்விகள். கோப்பு திறக்கிறதா? மூன்று மொழியிலும் இருக்கிறதா? இந்த வருடம் புதுப்பித்தார்களா? வெள்ளம் வந்தால் போய்த் தங்குவதற்கான இடங்களின் பட்டியல், இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள், தொண்ணூற்றிரண்டு புள்ளி எடுத்தது. "ஒருக்கா போய்ப் பாக்கட்டே?" என்று யோகநாதன் கேட்டார். படிவத்தில் அது இல்லை, கையெழுத்தை வையுங்கள் என்றேன். வைத்தார். அறிக்கையும் வெளியானது.

அதை வாசித்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள், எங்களுக்குத் தேநீர் போடும் ஜுமானா. வீடு கொலன்னாவையில். கணவருக்கு நடக்க முடியாது. போன வெள்ளத்தில் அவரை மேசைமேல் ஏற்றி, இடுப்பளவு தண்ணீரில் ஒரு பகல் முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

"அப்ப இந்த மழைக்கு இவர லிஸ்டில ஈக்கிற அந்த ஸ்கூலுக்குக் கொண்டு போகலாந்தானே சேர்? எங்கட ஊட்டுக்குக் கிட்டத்தான் ஈக்குது."

யோகநாதனின் முகம் மாறிவிட்டது. "பொறு தங்கச்சி, நான் இன்னும் போய்ப் பாக்கேல்லை" என்றவர், உடனே பஸ் ஏறினார்.

பின்னேரம் வந்து பையை மேசையில் எறிந்தார். "ஸ்கூல் இருக்கு. சுவரில நெஞ்சளவுக்குப் போன வெள்ளத்தின்ர கறையும் இருக்கு! தண்ணி முதல்ல வாறதே இங்கதான் எண்டு வாட்ச்சர் சிரிக்கிறான்."

பட்டியலிலிருந்த பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இடமாற்றமாகி இரண்டு வருடமாம். பட்டியலை வெளியிட்ட திணைக்களத்துக்கு எடுத்தேன். "மிஸ், லிஸ்டில போட்ட இடத்திலதானே பில்டிங் இருக்கு? பிறகென்ன பிழை?" என்றார் ஓர் உத்தியோகத்தர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஏட்டுச் சுரைக்காய்க்குத் தொண்ணூற்றிரண்டு புள்ளி போட்டதே நாங்கள்தானே! அங்கே தண்ணீர் ஏறுமா என்று என் இருபது கேள்விகளில் ஒன்றாவது கேட்டதா?

யோகநாதன் புள்ளியைத் திருத்தச் சொன்னார். "அறிக்கை போயிட்டுது அண்ணை, இனி அடுத்த வருஷந்தான்" என்றார் எங்கள் பணிப்பாளர்.

"மழை அடுத்த மாசம் வருது, தம்பி!"

"அப்ப நான் இவர எங்க கொண்டு போற?" ஜுமானா வாசலில் நின்று கேட்டாள்.

யோகநாதன் எங்கள் கணினியிலிருந்த பட்டியலின் பிரதியைத் திறந்து கடைசியில் ஒரு வரி சேர்த்தார். இடம்: கொட்டாஞ்சேனையில் தன் வீடு. மேட்டு நிலம், படி இல்லை. பொறுப்பாளர்: யோகநாதன். பக்கத்தில் தன் கைத்தொலைபேசி இலக்கம்.

அது அரசாங்கத் தரவு இல்லையென்று பணிப்பாளர் மறுநாளே அழித்துவிட்டார். அதற்குள் ஜுமானா அச்செடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கொலன்னாவையில் தண்ணீர் என்றார்கள். ஜுமானா வேலைக்கு வரவில்லை. பயந்துபோய், யோகநாதன் அந்த வரியில் போட்ட இலக்கத்துக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே பதில் வந்தது.

"ரெண்டு பேரும் வந்து சேந்திட்டினம், பிள்ளை. எண்ணிட்டன்."