வாசலிலிருந்து குசினிக்கு

அது எந்த வருடம் என்பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒற்றுமை இல்லை. அம்மா ஒரு வருடத்தைச் சொல்லுவார், அப்பா அதற்கு அடுத்ததைச் சொல்லுவார். எனக்கு நினைவிருப்பது, முன்கதவிலிருந்து அம்மா சமைக்கும் குசினிவரை ஓடும் நடையில் அப்போது பச்சைக் கார்ப்பெட் கிடந்தது என்பதுதான். நான் பெரிய பள்ளிக்குப் போன கோடையில் அதைக் கழற்றி எறிந்தார்கள். ஆகவே எல்லாம் அதற்கு முந்திய இலையுதிர்காலத்தில், கடிகாரங்களை ஒரு மணி பின்னே தள்ளும் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டித் தொடங்கியிருக்க வேண்டும். அம்மா சொல்வதே சரி. அப்பா இதை ஏற்றுக்கொள்ளவில்லை.

செவன் கிங்ஸ் என்ற ஆங்கிலேய ஊரில் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா, அம்மா, நான், பிறகு மாமி. மாமி அப்பாவின் அக்கா. மாமா காலமான பிறகு ஊரிலிருந்து தனியாக விமானமேறி எங்களிடம் வந்து சேர்ந்தவர். பிள்ளைகள் இல்லை. மாமாவுக்காக அவர் அழுததை நாங்கள் கண்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் சாம்பிராணி போடுவார். புகை மாடிப்படியைத் தொட்டதும் மேலே இருந்த அலாரம் அலறத் தொடங்கும். மாமி அதற்கும் ஒரு வழி கண்டிருந்தார். குளிக்கும்போது தலைமயிர் நனையாமல் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை எடுத்து அலாரத்துக்கு மாட்டிவிட்டார். வெள்ளிக்கு மாட்டுவதும் சனிக்குக் கழற்றுவதுமாகச் சில காலம் நடந்தது. பிறகு தொப்பி அங்கேயே தங்கிவிட்டது.

வீடு வீடாக அலாரம் பார்க்கத் தீயணைப்புப் படையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெண். அம்மாவின் உயரம்தான் இருப்பார். அவர் தொப்பியைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதற்குத் தடிமன், சளி ஏதும் பிடித்திருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் மாமி கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர்கள் புறப்படும்போது, உங்களை எப்படி இந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று அம்மா அந்தப் பெண்ணிடம் கேட்டார். தான் முன்பு தலைமயிர் வெட்டும் கடையில் வேலை செய்ததாகவும், இப்போதும் ஆள் எடுக்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். அம்மா அந்த வாரமே விண்ணப்பித்திருக்கிறார். எங்களுக்குச் சொன்னது எழுத்துச் சோதனையில் தேறிய பிறகுதான்.

அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவருக்கும் சேர்த்து மாமி பேசினார். வயது முப்பத்தெட்டு, பெண்பிள்ளை ஒன்று இருக்கிறது, சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டித் தட்டில் பாண் அடுக்குகிற வேலைக்கு என்ன குறை வந்தது என்று கேட்டார்.

"குறையொண்டும் இல்லை மச்சாள்," என்றார் அம்மா. "நான் வந்தாலும் ஒண்டுதான், வராட்டிலும் ஒண்டுதான் எண்டு அந்தப் பாண் கிடக்குது."

மிச்சமிருந்தது உடல் பலச் சோதனை. ஏணி தூக்க வேண்டும், தண்ணீர்க் குழாய்ச் சுருளோடு ஓட வேண்டும், கண்ணை மறைத்த முகமூடியோடு ஒடுங்கிய பெட்டிக்குள் தவழ வேண்டும். அரிசி மூட்டையும் சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கமும் இவற்றுக்கு உதவின. அம்மாவை மிரட்டியது கடைசிச் சோதனை. ஆள் பாரமுள்ள பொம்மை ஒன்றைக் கமுக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்கி, பின்பக்கமாக நடந்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். மெலிந்த ஒரு மனிதரின் பாரம். அப்பா மெலிந்த மனிதர். அம்மா அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்து பார்த்த விதத்தில் அவருக்கே விஷயம் விளங்கிவிட்டது. போய் நடையில் படுத்தார்.

மாமி குறுக்கே வந்தார். எங்கள் முன்கதவு வடக்குப் பார்த்தது. ஆளை வாசல்பக்கம் இழுத்தால் தலை வடக்கே கிடக்கும்.

"உயிரோடை இருக்கிறவனை வடக்கை தலை வைச்சுக் கிடத்த நான் விடமாட்டன்."

பேச்சுவார்த்தை நீண்டது. முடிவில், அப்பா வாசற்படிக்கு வெளியே படுப்பது, அம்மா அவரைக் குசினிப் பக்கம் இழுப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். இப்படியாக, ஆபத்திலிருப்பவரைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் இழுத்துப்போட்டுக் காப்பாற்றும் முறை எங்கள் வீட்டில் நிலைபெற்றது. கதவைத் திறந்து பிடிப்பது என் வேலை. எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ரி பல நாள் இதைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் அம்மாவை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, தன் மைத்துனரின் குடியை நிறுத்திய டாக்டர் ஒருவர் இருக்கிறார், வெட்கப்படாமல் போய்ப் பாருங்கள் என்றார். பியர்கூட வாயில் வைத்தறியாத அப்பா, அதற்குப் பிறகு ஆன்ரியின் கண்ணில் படும்போதெல்லாம் மிகவும் நேராக நடந்தார்.

கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது என் கண்ணுக்கு எதிரே இருந்தவை அப்பாவின் பாதங்கள். அம்மா மூச்சு வாங்கி நிற்கும் இடங்களில் அவருடைய குதிக்கால்கள் கார்ப்பெட்டில் ஊன்றி மெல்ல உந்தும். கார்ப்பெட் அவருக்குக் கூசுகிறதாக்கும் என்று நினைத்தேன்.

சோதனை நாளில் அம்மா வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். ஏணி சரி, குழாய் சரி, பெட்டியும் சரி. பொம்மை பாதி வழியில் நின்றுவிட்டது. பாரம் அதே பாரம்தானே, இவரை எத்தனை தரம் இழுத்திருக்கிறன், அது மட்டும் ஏன் அப்படிக் கிடந்தது என்று சாப்பாட்டு மேசையில் திரும்பத் திரும்பக் கேட்டார். விடை தெரிந்த பிள்ளை வகுப்பில் கை உயர்த்துவதுபோல நான் சொன்னேன்: பொம்மை காலால் உந்தாது, அப்பா உந்துவார்.

அப்பா சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்.

"நீர் மூச்சு வாங்கேக்கை சும்மா கிடக்க ஏலேல்லை."

அம்மா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். சிரித்து முடித்த முகம் சிரித்த முகமாக இல்லை.

"இஞ்சாருங்கோ, நீங்கள் உதவி செய்யாமல் கிடந்தால் அதுதான் பெரிய உதவி."

வசந்தத்தில் மறுபடியும் ஆள் எடுப்பார்கள், அப்போது வரலாம் என்று அம்மாவிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். பயிற்சி திரும்பத் தொடங்கியது. அப்பா உண்மையாகவே முயன்றார். என் சால்வையால் கால்களைக் கட்டச் சொன்னார். கால் கட்டப்பட்டதும் அவருடைய தோள்கள் எழும்பத் தொடங்கின. தோளைப் பற்றி அம்மா சொன்னதும் இடுப்பு பாரத்தைக் குறைத்துக்கொண்டது. அவர் அறியாமலே நடந்தது அது. ஒரு மாலை அம்மா நடையில் அப்படியே குந்தியிருந்து, பாண் வேலையும் அவ்வளவு மோசமில்லை என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சோபாவிலிருந்து மாமி எழுந்து வந்தார். சேலையை இழுத்துச் செருகினார். வாசலில் காலை நீட்டிப் படுத்தார்.

"என்னை இழும் பிள்ளை. நான் ஒரு விரலும் அசைக்கமாட்டன்."

நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். மாமி யாருக்காகவும் அசைந்ததை அந்த வீடு கண்டதில்லை. அப்பாவைவிடப் பாரமும் அதிகம். முதல் நாள், செருப்புகள் வைக்கும் சப்பாத்துத் தட்டைத் தாண்டுவதற்குள் அம்மா இரண்டு தரம் மூச்சு வாங்க நின்றார். மாமி கண்ணை மூடி வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு, சொன்ன சொல்லுக்கு ஏற்ப மரம்போலக் கிடந்தார். குளிர்காலம் முழுவதும் இது நடந்தது. பூங்காவில் டாஃபோடில் பூக்கத் தொடங்கியபோது அம்மா மாமியை நிற்காமல் குசினிவரை கொண்டு போனார். பிறகு மாமிக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பார். இருவரும் நிலத்தில் இருந்தபடியே குடிப்பார்கள்.

சோதனைக்கு முந்திய ஞாயிறு, மாமி வழக்கமான இடத்தில் படுக்கவில்லை. குசினிப் பக்கம் காலை நீட்டி, தலையை வாசல்பக்கம் வைத்தார். மறந்துபோனார் என்று நினைத்து அப்பா மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, தலை வடக்கை."

"தெரியும். நெருப்புப் பிடிச்ச வீட்டிலை ஆர் திசை பாக்கிறது? என்னை வெளியாலை கொண்டு போம் பிள்ளை."

அம்மா கொஞ்சம் தயங்கினார். பிறகு குனிந்து மாமியின் கமுக்கட்டுக்குள் கைகளைக் கொடுத்தார். நான் கதவைத் திறந்தேன். பச்சைக் கார்ப்பெட், வாசற்படி, சீமெந்துப் பாதை என்று அம்மா பின்னால் பின்னால் போனார். தெருக் கேற்வரை ஒரு தரமும் நிற்கவில்லை. அந்த வாரம் அவர் தேறினார். இப்போது வேறொரு பகுதியின் தீயணைப்பு நிலையத்தில் புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்குகிறார். தைப்பொங்கலுக்கு லீவு கிடைப்பதில்லை என்பது ஒன்றுதான் அவருடைய குறை.

அன்று கேற்றடியில் அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மாமியின் தலை அவருடைய நெஞ்சில் சாய்ந்திருந்தது. முடிஞ்சுது மச்சாள், எழும்புங்கோ என்றார். மாமி எழும்பவில்லை.

"விடாதையும்," என்றார். "கொஞ்சம் பொறும்."

நல்ல வெயில். மாமியின் மூடிய கண்களின் ஓரத்தால் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அம்மா அவரைப் பிடித்த பிடியை விடவில்லை. எதிர்வீட்டு ஆன்ரி தன் வாசலில் வந்து நின்றார். காப்பாற்றப்பட்டவர் போல மாமி எவ்வளவு திறமையாக நடிக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. வாசற்படியில் நின்று பலமாகக் கை தட்டினேன். அப்பா வந்து என்னுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டார்.